சென்னைக் கலை இயக்கமும் கரிசல் நிலமும்

சென்னைக் கலை இயக்கம் என்பது, சென்னை அரசு கலை மற்றும் கைவினைப் பள்ளியை மையமாகக் கொண்டு 1950களிலிருந்து 1980கள் வரை செயல்பட்ட நவீன ஓவிய, சிற்ப இயக்கமாகும். கண்ணால் காண்பதை அப்படியே வரையும் ஐரோப்பியக் கல்விக்கூட மரபிலிருந்து இது விலகியது. கோடு, எழுத்து, குறியீடு, கோயில் சிற்பம், நாட்டார் கலை ஆகியவற்றிலிருந்து தனக்கான வடிவங்களை உருவாக்கிக்கொண்டது. கே.சி.எஸ். பணிக்கர் இதன் முதன்மை அமைப்பாளர். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமம் இவ்வியக்கத்தின் புகழ்பெற்ற அடையாளம்.

இதே கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையா ராஜு கோவில்பட்டியில் தங்கி, கல்விக்கூட மரபைக் காலண்டர் படங்கள் வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டு சென்றார். பிற்காலத்தில் அதே கரிசல் வட்டாரத்தின் எழுத்துக்கு, மரபை உடைத்த கே.எம். ஆதிமூலம் கோட்டோவியங்கள் வரைந்தார். ஒரு பள்ளியிலிருந்து பிரிந்த இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இவ்வியக்கம் எதை விட்டு விலகியது, யாரைச் சென்றடைந்தது என்பது விளங்கும்.

பின்னணி

சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. கொல்கத்தாவிலும் (1854) மும்பையிலும் (1857) கலைப்பள்ளிகள் தோன்றியது இதற்குப் பிறகுதான். ஓவியர்களை உருவாக்குவது அப்போது இப்பள்ளியின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. மண்பாண்டம், உலோக வேலை, மரவேலை, செதுக்கு வேலை போன்ற தொழில்களில் தேர்ந்த கைவினைஞர்களையும், அரசுத் துறைகளுக்குத் தேவையான வரைவாளர்களையும் பயிற்றுவிப்பதே நோக்கமாக இருந்தது.

1884இல் பள்ளியின் பொறுப்புக்கு வந்த ஈ.பி. ஹேவெல், தென்னிந்தியக் கைவினைகளில் ஆர்வம் காட்டினார். பின்னர் கொல்கத்தாவுக்குச் சென்ற அவர், அவனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து வங்காள ஓவியப் பாணி உருவாகத் துணைநின்றார். சென்னைப் பள்ளியோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலும் கைத்தொழில் பள்ளியாகவே நீடித்தது.

கைவினைப் பிரிவுகளும் ஓவியப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தது பிற்கால வரலாற்றில் முக்கியமானது. நுண்கலை மாணவர்கள் உலோக வார்ப்பையும் துணி வண்ணமிடுதலையும் சுடுமண் வேலையையும் அருகிலிருந்தே பார்க்க முடிந்தது. தொழிற்பயிற்சிக்காகக் காலனி அரசு ஏற்படுத்திய இந்த ஏற்பாடு, நவீனக் கலைஞர்களுக்கு எதிர்பாராத கருவியாக அமைந்தது.

கல்விக்கூட மரபு

கல்விக்கூட மரபு என்பது ஐரோப்பியக் கலைக்கழகங்களில் உருவான பயிற்சி முறை. மாணவர் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவார். பிறகு கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளை வைத்து ஒளியும் நிழலும் தீட்டிப் பழகுவார். அடுத்து, உயிருள்ள மாடலை அமர்த்தி உடலமைப்பைக் கற்பார். தொலைவில் இருப்பதைச் சிறிதாகவும் அருகில் இருப்பதைப் பெரிதாகவும் காட்டும் தொலைநோக்கு விதிகளும் இதில் அடங்கும். எதிரே இருப்பதைப் பிழையின்றி வரைவதே திறமையின் அளவுகோல்.

பாரிசில் இந்த அளவுகோலுக்கு எதிரான கலகம் கலைக்கழகத்துக்கு வெளியே எழுந்தது. அதிகாரபூர்வக் கண்காட்சியில் இடம் மறுக்கப்பட்டவர்களின் படங்கள் 1863இல் தனியாக வைக்கப்பட்டன. 1874இல் இம்பிரஷனிச ஓவியர்கள் தாங்களே கண்காட்சி நடத்தினர். சென்னையில் நிலைமை வேறு. இங்கு மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவர் பள்ளியின் முதல்வர். உடன் நின்றவர்களில் பலர் அப்பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும். ஆகவே சென்னை இயக்கம் கல்விக்கூடத்துக்கு உள்ளேயே, பாடமுறையின் வழியாக நிகழ்ந்த உடைப்பு.

ராய் சௌத்ரி காலம்

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் இவர். ஓவியத்தில் அவனீந்திரநாத்தின் மாணவர். சிற்பத்தில் ஐரோப்பிய இயல்புவாதத்தில் ஊறியவர். 1957 வரை நீடித்த இவரது காலத்தில் பள்ளியின் கவனம் கைத்தொழிலிலிருந்து நுண்கலைக்கு நகர்ந்தது. மாணவர்களை வகுப்பறையிலிருந்து வெளியே அழைத்துச் சென்று தெருவையும் கடற்கரையையும் உழைக்கும் மனிதர்களையும் நேரில் பார்த்து வரையச் செய்தார்.

சென்னை மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இவரது புகழ்பெற்ற படைப்பு. நான்கு தொழிலாளர்கள் பெரும் பாறையொன்றை நெம்பி நகர்த்தும் அந்தச் சிற்பத்தில் தசைகளின் முறுக்கமும் உடல்களின் சாய்வும் இயல்புவாதத்தின் முழு ஆற்றலைக் காட்டுகின்றன. உழைப்பாளியைச் சிலையாக நிறுத்தியது பொருளில் புதுமை. வடிவம் கல்விக்கூட மரபைச் சேர்ந்தது. இவரிடம் பயின்றவர்கள்தான் அடுத்த தலைமுறையில் அந்த வடிவத்தையும் கேள்விக்குள்ளாக்கினர்.

பணிக்கரும் முற்போக்கு ஓவியர் சங்கமும்

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ராய் சௌத்ரியின் மாணவராக இருந்து, பின்னர் அதே பள்ளியில் ஆசிரியரானார். கேரளத்தின் நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டித் தொடக்க காலத்தில் பெயர் பெற்றார். 1944இல் சில ஓவியர்களுடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். கொல்கத்தா குழு 1943இலும், மும்பையின் முற்போக்குக் கலைஞர் குழு 1947இலும் தோன்றின. நாடு விடுதலையை நெருங்கிய அந்த ஆண்டுகளில் ஒரே கேள்வி மூன்று நகரங்களிலும் எழுந்தது: நவீனமாகவும் இந்தியத் தன்மையுடனும் வரைவது எப்படி?

1954இல் பணிக்கர் ஐரோப்பா சென்று லண்டனிலும் பாரிசிலும் தம் படைப்புகளைக் காட்சிப்படுத்தினார். ஐரோப்பிய நவீன ஓவியத்தை நேரில் கண்ட இப்பயணம், தம்முடைய பாணி வேறெங்கோ உருவானது என்ற உணர்வை அவரிடம் வலுப்படுத்தியது. பள்ளியில் பெற்ற இயல்புவாதத்துக்கு மட்டுமல்ல, அதன் இடத்தில் வந்த வான்கோ, கோகன் தாக்கத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தியது. ஓர் ஐரோப்பிய முறையை விட்டு இன்னோர் ஐரோப்பிய முறையைப் பற்றிக்கொள்வது தீர்வாகாது என்ற எண்ணமே இயக்கத்தின் அடித்தளம்.

1957இல் பணிக்கர் பள்ளியின் முதல்வரானார். 1967 வரையான பத்து ஆண்டுகளில் மாணவர்களின் தனித்த தேடலுக்கு இடமளித்தார். 1961இல் ‘ஆர்ட்டிரெண்ட்ஸ்’ என்ற ஆங்கிலக் கலை இதழ் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் நவீனக் கலை குறித்த விவாதத்துக்கு அவ்விதழ் களமாக விளங்கியது.

உடைப்பின் தன்மை

சென்னை இயக்கத்துக்கு ஒரே பாணி கிடையாது. எனினும் அதன் கலைஞர்களை இணைக்கும் சில பொதுக்கூறுகள் உண்டு.

கோடு: கல்விக்கூட மரபில் கோடு ஒரு தொடக்க நிலை. ஒளியும் நிழலும் சேர்ந்ததும் அது மறைந்துவிட வேண்டும். சென்னைக் கலைஞர்கள் கோட்டையே படத்தின் உயிராக வைத்துக்கொண்டனர். வெண்கலப் படிமங்களின் வளைவுகள், சுவரோவியங்களின் புறக்கோடுகள், வாசலில் இடும் கோலம் என இதற்கு உள்ளூர் முன்னுதாரணங்கள் இருந்தன. திருவண்ணாமலையைச் சேர்ந்த ஏ.பி. சந்தானராஜ் கோட்டின் வலிமைக்காகப் பேசப்பட்டவர். ஆசிரியராகவும் பல தலைமுறை மாணவர்களைப் பாதித்தவர்.

எழுத்தும் குறியீடும்: பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரையத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள், நாட்டார் உருவங்கள் ஆகியவை இப்படங்களில் ஏடு போல நிரம்பியிருக்கும். எழுத்துப் போலத் தோன்றும் அவ்வரிகளில் பல, படித்துப் பொருள் கொள்ளும் நோக்கில் எழுதப்பட்டவை அல்ல. எழுத்தின் தோற்றமே இங்கு ஓவியம்.

உலோகம்: சிற்பத்தில் எஸ். தனபால் முன்னோடி. ராய் சௌத்ரியின் மாணவரான இவர், உடலின் நுணுக்கங்களைக் குறைத்து வடிவத்தை எளிமையாக்கினார். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துச் சிற்பங்கள் செய்தார். நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கும் ஐரோப்பியச் சிலைக்கு மாறாக, கோயிலில் சாமி சிலைக்குச் சாத்தும் கவசத்தைப் போல முன்பக்கப் பார்வைக்கு முதன்மை தருபவை இவை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் இம்முறையைப் பற்றவைப்புச் சிற்பங்களில் மேலும் வளர்த்தார். பள்ளியின் கைவினைப் பிரிவுகள் வளர்த்த உலோக வேலை அறிவு இங்கு நவீன சிற்பத்தின் மொழியாக மாறியது.

தனியுலகங்கள்: எல்.முனுசாமி அரூப ஓவியத்தை நோக்கிச் சென்றார். ஜே. சுல்தான் அலி பழங்குடி, நாட்டார் படிமங்களைக் கையாண்டார். ஆர்.பி. பாஸ்கரன், பழைய திருமண ஒளிப்படங்களில் விறைப்பாக அமர்ந்திருக்கும் தம்பதிகளை நினைவூட்டும் வரிசையை வரைந்தார். கே. ராமானுஜம் கனவு மாளிகைகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த கறுப்பு வெள்ளை உலகத்தைப் படைத்து, 1973இல் தம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். டி.கே. பத்மினி, அர்னவாஸ் ஆகியோர் இவ்வியக்கத்தில் அறியப்பட்ட சில பெண் கலைஞர்கள். பத்மினியும் 1969இல் இளம் வயதிலேயே காலமானார்.

சோழமண்டலம்

உடைப்பின் கடினமான பகுதி பாணி சார்ந்தது அல்ல, பிழைப்பு சார்ந்தது. 1960களின் சென்னையில் நவீன ஓவியத்தை வாங்குவோர் மிகக் குறைவு. பள்ளியை முடித்த மாணவர் விளம்பர நிறுவனத்திலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்தால், சில ஆண்டுகளில் ஓவியத்தை விட்டுவிடும் நிலை இருந்தது. நெசவாளர் சேவை மையம் சிலருக்கு வேலை தந்தது. எல்லோருக்கும் அங்கு இடமில்லை.

இதற்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி கைவினை. 1963இல் கலைஞர் கைவினைச் சங்கம் தொடங்கப்பட்டது. மெழுகுப் பூச்சால் துணியில் வண்ணமேற்றும் பாத்திக் வேலை, தோல், உலோகம், சுடுமண் பொருட்கள் ஆகியவற்றைச் செய்து விற்றனர். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மீதி தம் சொந்தப் படைப்புக்கு என்பது ஏற்பாடு. விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966இல் அங்குச் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானது. அரசு மானியத்தையோ ஒரு புரவலரையோ நம்பாமல் கலைஞர்களே உழைத்து அமைத்த கூட்டுக் குடியிருப்பு அது.

அன்று அப்பகுதி மணல்மேடும் சவுக்குத் தோப்புமாக இருந்தது. கீற்றுக் குடிசைகளில் தொடங்கிய வாழ்க்கை மெல்ல வீடுகளாகவும் பணிக்கூடங்களாகவும் காட்சிக்கூடமாகவும் வளர்ந்தது. பணிக்கர் 1977இல் மறையும் வரை இக்கிராமத்துடனேயே இணைந்திருந்தார்.

கோவில்பட்டி: மரபின் இன்னொரு கிளை

கல்விக்கூட மரபு சென்னையில் கேள்விக்குள்ளான அதே ஆண்டுகளில், தெற்கே அது மிகப் பெரிய பார்வையாளர் கூட்டத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமானவர் சி. கொண்டையா ராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற இவர், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டும் ஓவியரானார். 1940களில் கோவில்பட்டியில் நிலைத்துத் தம் மாணவர்களுடன் சேர்ந்து ஓவியக்கூடம் நடத்தினார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் ஆகியோர் அவருடைய மாணவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

அருகிலுள்ள சிவகாசியில் அப்போது அச்சுத் தொழில் வேகமாக வளர்ந்துவந்தது. கடைகளும் நிறுவனங்களும் புத்தாண்டுக்குத் தம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டர்களுக்குக் கடவுள் படங்கள் தேவைப்பட்டன. கொண்டையா ராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் போன்ற படங்கள் சிவகாசி அச்சகங்களில் பெருமளவில் அச்சாகின. உடலின் திரட்சி, தோலின் பளபளப்பு, நகைகளின் மினுக்கம் ஆகியவை கல்விக்கூடப் பயிற்சியிலிருந்து வந்தவை. பின்னால் தெரியும் மலையும் ஆறும் மாளிகைத் தூண்களும் நாடகத் திரைச்சீலையிலிருந்து வந்தவை. பக்தரை நேராக நோக்கும் கண்கள் கோயில் மரபைச் சேர்ந்தவை.

இப்படங்களைக் கலை வரலாறு நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. ஆனால் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர் என விரியும் கரிசல் பூமியில், மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்த குடும்பங்களின் சுவர்களில் இருந்த ஓவியம் பெரும்பாலும் இதுதான். ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்துப் பூஜையில் வைப்பது வழக்கம். சோழமண்டலத்தின் ஓவியங்கள் எட்டாத இடங்களுக்குக் காலண்டர் படம் செலவில்லாமல் சென்றது.

இந்த வேறுபாடு சென்னை இயக்கத்தின் முன் ஒரு கடினமான கேள்வியை வைக்கிறது. உள்ளூர் வேர்களைத் தேடிய நவீனக் கலையை உள்ளூர் மக்கள் அதிகம் பார்க்கவில்லை. ஐரோப்பிய முறையில் வரைந்த கடவுளை அவர்கள் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர்.

சிற்றிதழ்களும் கரிசல் எழுத்தும்

காட்சிக்கூடத்துக்கு வெளியே சென்னை இயக்கம் தமிழ் வாசகரைச் சென்றடைந்த பாதை அச்சுத்தாள். 1970இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்கள், புதுக்கவிதையோடு நவீன ஓவியர்களின் கோட்டோவியங்களையும் வெளியிட்டன. யாப்பிலிருந்து விலகிய கவிதையும் இயல்புவாதத்திலிருந்து விலகிய ஓவியமும் ஒரே பக்கத்தில் இடம்பெற்றன. கறுப்பு மையில் வரைந்த கோட்டோவியத்தை அச்சிடச் செலவு குறைவு என்பதால், பணமில்லாத சிற்றிதழ்களுக்கும் இது ஏற்றதாக இருந்தது.

இப்பாதையில் முதன்மையானவர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்த இவர், தனபாலின் வழிகாட்டலில் கலைப்பள்ளியில் சேர்ந்தவர். காந்தி நூற்றாண்டான 1969இல், காந்தியின் பல்வேறு தோற்றங்களை நூறு கோட்டோவியங்களாக வரைந்து காட்சிப்படுத்தினார். இலக்கிய நூல்களின் அட்டைகளும் எழுத்துருக்களும் இவர் கையால் புதிய தோற்றம் பெற்றன. பின்னாளில் வண்ணங்கள் மட்டுமே நிறைந்த அரூப ஓவியங்களிலும் ஈடுபட்டார்.

1980களில் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு ஆதிமூலம் ஓவியங்கள் வரைந்தார். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி.ரா., எழுத்துத் தமிழின் இலக்கண ஒழுங்கைத் தளர்த்தி, பேச்சுமொழியில் எழுதியவர். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர். பள்ளியில் கற்ற ஒழுங்கை விட்டுத் தன் மண்ணின் வடிவத்தைத் தேடிய வகையில் எழுத்தாளரும் ஓவியரும் ஒரே வேலையைச் செய்தனர். கரிசல் சம்சாரியின் தலைப்பாகையும் சுருங்கிய முகமும் சில முரட்டுக் கோடுகளில் லட்சக்கணக்கானோர் படிக்கும் வெகுஜன இதழில் வந்தன. காட்சிக்கூடத்தின் படியை மிதித்திராத வாசகர்களும் அவ்வகையில் நவீன ஓவியத்தைப் பார்த்தனர். கொண்டையா ராஜுவின் காலண்டர் தொங்கிய வீடுகளுக்குள் ஆதிமூலத்தின் கோடும் நுழைந்தது.

மதுரையைச் சேர்ந்த டிராட்ஸ்கி மருது உள்ளிட்ட அடுத்த தலைமுறையினர் இதழோவியத்தில் இப்பாதையைத் தொடர்ந்தனர்.

விமர்சனங்கள்

சென்னை இயக்கம் குறித்து முன்வைக்கப்படும் விமர்சனங்கள் பல. மும்பை, டெல்லி, வடோதரா சார்ந்த கலை எழுத்து இதனை வட்டார இயக்கமாகக் கருதி ஒதுக்கியது என்பது ஒன்று. ஜோசப் ஜேம்ஸ் போன்ற சென்னை விமர்சகர்கள் தொடர்ந்து எழுதியிருந்தும், தேசிய அளவிலான கவனம் தாமதமாகவே கிடைத்தது.

குறியீடுகளையும் கோயில் வடிவங்களையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் சில படைப்புகள் அலங்காரமாகச் சுருங்கின என்பது இன்னொன்று. மரபிலிருந்து எடுத்துக்கொண்ட ஜாதகக் கட்டமும் தாந்திரிகக் குறியும் சமகால வாழ்வின் சிக்கல்களைப் பேசவில்லை என்றும் கூறப்படுகிறது. பெண் கலைஞர்கள் குறைவாக இருந்ததும் சுட்டப்படுகிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் கலைஞர்கள் ஒன்றாக இயங்கியது இதன் பலம். அதே காரணத்தால் எந்த ஒரு மொழியின் பண்பாட்டு வரலாறும் இதை முழுமையாகத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளவில்லை.

இன்றைய நிலை

சோழமண்டலக் கலைஞர் கிராமம் இன்றும் செயல்படுகிறது. 2009இல் அங்குத் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை இயக்கத்தின் முக்கியப் படைப்புகள் அங்கு நிரந்தரக் காட்சியாக உள்ளன. மணல்மேடாக இருந்த சுற்றுப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெருக்கடிக்குள் வந்துவிட்டது. அரசு கலைப்பள்ளி, அரசு கவின்கலைக் கல்லூரியாகத் தொடர்கிறது.

கோவில்பட்டி ஓவியர்களின் காலண்டர் படங்களை இன்று ஆய்வாளர்கள் வெகுஜனக் காட்சிப் பண்பாட்டின் ஆவணங்களாகக் கருதுகின்றனர். சேகரிப்பாளர்களும் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். ஒரு காலத்தில் உயர்கலை, சந்தைக் கலை எனப் பிரித்து வைக்கப்பட்ட இரண்டும், சென்னைக் கலைப்பள்ளி என்ற ஒரே ஊற்றிலிருந்து கிளைத்தவை என்ற புரிதல் மெல்ல உருவாகிவருகிறது.